தாழ் போடாத கதவு

மெதுவான போன் என்று ஒன்று இந்த உலகத்தில் இதுவரை தயாரிக்கப்படவில்லை. இனியும் தயாரிக்கப்படாது. மெதுவாக இருப்பது போன் அல்ல, அதை வைத்திருக்கிற பயந்த ஆள்தான்.

இதைக் கண்டுபிடித்தவன் கமால். ரங்கூன் பபேடானில், ஒரு லுங்கிக் கடைக்கும் ஒரு சீடிக் கடைக்கும் நடுவே, மூச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நுழைந்துவிடக்கூடிய தன் செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து இந்த உண்மையை அவன் உலகத்துக்கு அறிவித்திருந்தான். உலகம் இன்னும் பதில் எழுதவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை.

அந்த வருடங்களில் ஒரு சிம் கார்டு வாங்கக் காரை விற்க வேண்டும். கார் இல்லாதவர்கள் மாமனாரின் காரை விற்க வேண்டும். அதனால் கடைக்கு வந்த போன்களில் பாதி, யாரையும் கூப்பிட முடியாத போன்கள். பாட்டுக் கேட்க, படம் பிடிக்க, டீக்கடை மேஜையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார. அவற்றிலும் குப்பை சேரும், போன் திணறும். கமாலின் வைத்தியம் எளிது. முதலில் உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வை. அப்புறம் குப்பையை அள்ளு. அப்புறம் அணைத்து, மறுபடி போடு. நகலெடுக்காமல் எதையும் அழிக்காதே. பயந்தவன்தான் முறையை மாற்றுவான்.

பயந்தவர்களுக்கு உதாரணம் கேட்டால் அவன் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. அதே கட்டடத்தில், கடைக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் அவன் மதினி தஸ்லீமா மகள் அப்ஸானாவோடு இருந்தாள். புயல் வந்த அன்று காலை கமாலின் அண்ணன் மாஹிர் லுங்கிப் பொதியோடு ஆற்றங்கரை ஊரான கியாக்தானுக்குக் கிளம்பினான். தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல், சிம் இல்லாத தன் ஸ்மார்ட்போனில் நாலு வார்த்தை பேசிப் பதிந்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"தஸ்லீமா, கியாக்தான் போறேன். வர நேரமாகும். கதவை உள்தாழ் போடாதே, நான் வந்துருவேன்."

வரவில்லை. அந்தப் புயலில் தண்ணீரோடு போன ஆயிரக்கணக்கானவர்களைப் போல, உடம்பும் வரவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகும் தஸ்லீமா கதவை உள்தாழ் போடுவதில்லை.

"திருடனுக்குப் பத்திரிகை அடிச்சு அனுப்பிருங்க மதினி. முகவரியெல்லாம் நான் எழுதித் தர்றேன்" என்பான் கமால். பக்கத்துச் சீடிக் கடை மோகனுக்கு அந்தத் திருடன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போவதை நடித்தும் காட்டுவான். அண்ணன் குரல் இருந்த அந்தப் பதிவை மட்டும் அவன் ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

அன்று மழை காலையிலிருந்தே விடவில்லை. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் தஸ்லீமா அந்தப் போனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"கமால், இது இழுக்குது."

"பழைய போனு மதினி. இழுக்காம என்ன செய்யும்?"

"போன் மட்டும் இல்ல. உன் நானா குரலும் இழுக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முந்தி மடமடன்னு பேசுவாங்க. இப்ப ஒவ்வொரு சொல்லா தேடித் தேடிப் பேசுறாங்க. அப்ஸானா, வாப்பாவுக்குக் களைப்பா இருக்கான்னு கேக்குறா."

கமால் சிரிக்க நினைத்தான். வரவில்லை.

"அவளுக்கு வாப்பான்னா இதுதான் கமால். போட்டோவைக் காட்டுனா யாருன்னு கேக்குறா. இதைக் கேட்டாத்தான் தூங்குவா. பத்திரமா செஞ்சிருவியா?"

"செத்த போனையே எழுப்பி விடுறவன் நான். இது என்ன?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தஸ்லீமா கைக்குட்டையை மடித்துக்கொண்டாள். "அவ படுக்கறதுக்குள்ள வேணும். ஆனதும் கயித்தை இழு, அப்ஸானா வந்து எட்டிப் பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். அந்தத் தெருவில் எல்லா பால்கனியிலிருந்தும் கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். பால்காரன், பேப்பர்க்காரன், விருந்தாளி, எல்லோருக்கும் அதுதான் கதவு.

கமால் போனைத் திறந்து பார்த்தான். மெமரி கழுத்து வரை நிறைந்திருந்தது. யாரும் ஆடாத இரண்டு விளையாட்டு, கொஞ்சம் ரிங்டோன், தானாகச் சேர்கிற குப்பை. இவை ஒரு மூலை. மீதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பதிவு. நாலு வார்த்தை பேசிய பதிவு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் சைஸுக்கு நேரே இருந்த எண் ஒன்று கூடியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அண்ணன் பேசினான். நீளமாக, இழுத்து, சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. வந்… துரு… வேன். அதோடு முடிய வேண்டும். முடியவில்லை. காற்று இரைந்தது. தண்ணீர் எதன்மீதோ மோதி மோதித் திரும்பியது. ஏதோ ஒரு மரம் முறிய மனமில்லாமல் முனகியது. பிறகு இதெல்லாம் தூரத்துக்குப் போக, தண்ணீருக்குள் யாரோ ஒரு அடி எடுத்து வைத்தார்கள். சளக். வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி சளக்.

ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கமால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நல்ல விளக்கம். தலையணைக்குப் பக்கத்தில் ஏது தண்ணீர் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

முறைப்படி நகல் எடுக்கப் போட்டான். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு பாதி வரை ஓடியது, நின்றது, கொஞ்சம் பின்னால் வந்தது. எடுக்க எடுக்க உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தி மஃரிப் பாங்கு ஒலித்தது. நடுவில் மோதினாருக்கு இருமல் வந்துவிட்டது; ஒலிபெருக்கி வழியாகப் பபேடான் முழுவதும் இருமியது. அவர் சமாளித்து முடிப்பதற்குள் மின்சாரம் போனது. கம்ப்யூட்டர் அணைந்தது. பாதி நகலும் போனது.

மோகன் தன் கடையைப் பூட்டிக்கொண்டே கத்தினான். "மோதினாருக்கு இருமல், கரண்டுக்கு விக்கல். உனக்கு என்னடா வியாதி, முகம் வெளுத்துக் கிடக்கு?"

"போடா, போய் மோஹிங்கா சூப் குடி."

"தண்ணி ஏறுது, ஷட்டரை இறக்கு. தாழ் போட மறந்துறாதே, உங்க மதினி மாதிரி!"

தெருவில் தண்ணீர் கணுக்கால் தாண்டியிருந்தது. சாக்கடை வாசனை, நனைந்த சாக்கு வாசனை, எங்கோ ஜெனரேட்டர் கக்கும் டீசல் வாசனை. கமால் ஷட்டரைத் தரை வரை இறக்கி, உள்தாழைத் தள்ளினான். பேட்டரி விளக்கைப் போட்டான். அது மேஜையை மட்டும் காட்டியது.

அப்ஸானா படுப்பதற்குள். கரண்ட் எப்போது வருமோ. சின்னக் குப்பையை மட்டும் அள்ளினால் என்ன, அதற்கு நகல் எதற்கு? விளையாட்டைத் தூக்கினான். ரிங்டோனைத் தூக்கினான். ஒட்டடை அடிக்கிற மாதிரி மூலை முடுக்கெல்லாம் துடைத்து, அணைத்துப் போட்டான். போன் முன்னைவிடச் சுறுசுறுப்பாகக் கண் விழித்தது. அண்ணன் குரல் எப்படி இருக்கிறதென்று கேட்டான். கொஞ்சம் வேகம் கூடியிருந்தது.

தண்ணீரில் அந்தக் காலடியும் வேகம் கூடியிருந்தது.

சளக். சளக். சளக். இப்போது இடைவெளி இல்லை. ஒழுங்கும் இல்லை, ஒரு ஆள் நடக்கிற தாளத்தில் அது விழவில்லை. கமால் பதிவைக் கடைசிப் பக்கமாகத் தள்ளினான். படகுத் துறையில் மணி அடித்தது. ஒரு பஸ்ஸின் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை ஏலம் போட்டான். டீக்கடை ஒன்றைக் கடந்தார்கள். யாரோ உதட்டைக் குவித்து முத்தமிடுகிற மாதிரி சத்தம் எழுப்பிப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்கள். பின்னால் ஒரு ரேடியோ, கிழிந்து ஒட்டுப் போட்ட ஸ்பீக்கர். அந்த ஒட்டின் கரகரப்பு அவனுக்குத் தெரியும். தெருமுனை டீக்கடை. அதை ஒட்டிக் கொடுத்ததே அவன்தான், போன மாதம்.

இன்னும் தள்ளினான்.

பாங்கு. மஃரிப் பாங்கு. நடுவில் மோதினாருக்கு இருமல்.

கமாலின் கை மேஜையில் அப்படியே இருந்தது. எடுக்க முடியவில்லை.

"மோதினாருக்கு இருமல், கரண்டுக்கு விக்கல்" என்றான் மோகன், ஹெட்போனுக்குள். மிகப் பக்கத்தில். மோகனுக்குப் பின்னால் நின்று கேட்ட மாதிரி. "உனக்கு என்னடா வியாதி?" அப்புறம் கமாலின் குரல், கடைக்குள்ளிருந்து, சன்னமாக: போடா, போய் மோஹிங்கா சூப் குடி. ஷட்டர் இறங்கியது. தாழ் விழுந்தது. வெளியிலிருந்து கேட்டால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கமாலுக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு பதிவில் மழை மட்டும். மழையில் நிற்கிற யாரோ.

அழித்தான்.

நகல் இல்லை. முறை இல்லை. அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றது அவன் விரல். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம், ஆமாம்.

போன் சிட்டாகப் பறந்தது. தொட்டால் திறந்தது, தொடுமுன்பே மூடியது. அவ்வளவு வேகமான போனை அவன் கடை அதுவரை பார்த்ததில்லை. மெமரி காலி. உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்ஸானாவின் வாப்பா. நாலு வார்த்தை. பத்திரமா செஞ்சிருவியா. "யா அல்லாஹ்" என்று அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான், உள்ளே விழுந்த ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து உதறுகிற மாதிரி. மீட்டெடுக்க வழி உண்டு, கம்ப்யூட்டர் வேண்டும், கரண்ட் வேண்டும். விளக்கை மறைத்துக்கொண்டு வயர்களைத் தேடினான். அழுதுகொண்டிருக்கிறோம் என்பது வாயில் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது. "நானா, மன்னிச்சிருங்க. நானா, வேணும்னு செய்யல."

சளக்.

ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது.

சளக். சளக்.

ஷட்டருக்கு வெளியே.

விளக்கை அணைத்தான். ஆற்று வாசனை வந்தது. சாக்கடை அல்ல, ஆறு. அழுகின ஆகாயத்தாமரை, சேறு, உப்பு. தகரத்தில் ஏதோ ஈரமாக உரசியது. மேலிருந்து கீழே. நிதானமாக.

"கமால்."

இழுக்கவில்லை. தேடவில்லை. மடமடவென்று, லுங்கிக்கு விலை சொல்கிற அதே குரல்.

"கமால், ஏண்டா உள்தாழ் போட்டிருக்கே?"

வாயைப் பொத்திக்கொண்டான். பல் விரலில் பதிந்தது.

"இருக்கியா? இல்லையா?" கொஞ்ச நேரம் மழை. "சரி. மேல போறேன். அங்க போட்டிருக்க மாட்டா."

காலடி நகர்ந்தது. படிக்கட்டுப் பக்கம். அது போகிறது, போகட்டும், போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தான். மேலே அப்ஸானா இருந்தாள்; அந்த ஒரு நினைப்பை அவனால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

கயிறு இழுபட்டது.

மேலே, மழைக்கு மேலே, மணி அடித்தது. சின்ன மணி. பால்கனிக் கதவு திறந்தது. பிஞ்சுக் கால் ஓடி வந்தது.

"யாரு?"

கீழே யாரோ ஏதோ சொன்னார்கள். மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை சிரித்தது. தினமும் தூங்குமுன் கேட்கிற குரல். அவளுக்குத் தெரியாத குரலா?

"வாப்பாவா? உம்மா, வாப்பா! கதவு தொறந்துதான் இருக்கு வாப்பா, வாங்க!"

முதல் படியில் ஈரக் கால் விழுந்தது.

கமால் எழுந்தான். இருட்டில் தடவிக்கொண்டே போனான். தகரம் சில்லென்றிருந்தது. தாழ் கையில் பட்டது. அதைச் சத்தமில்லாமல், மெல்ல விலக்கினான்.

"நானா" என்றான். மூச்சு மட்டும்தான் வந்தது. மறுபடி சொன்னான். "நானா. இங்க. இங்கயும் தாழ் போடல."

படியில் காலடி நின்றது.

திரும்பியது.

ஷட்டரின் அடி விளிம்பு தரையிலிருந்து எழும்பியது. தண்ணீர் முதலில் வந்தது, அவன் கால்விரல்களுக்கு மேல். பிறகு, தெருவில் எங்கோ எரிந்த ஜெனரேட்டர் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில், விளிம்புக்குக் கீழே விரல்கள் நுழைந்தன. ஊறி வெளுத்த விரல்கள், ஒன்றில் அண்ணனின் வெள்ளி மோதிரம் சதைக்குள் புதைந்து. வலது கை. இடது கை. பத்து விரலும் தகரத்தைப் பற்றிக்கொண்டன.

அவற்றுக்குப் பக்கத்தில் பதினொன்றாவது விரல் நுழைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடையின் அகலம் முழுவதும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, விரல்கள் நுழைந்துகொண்டே இருந்தன.