சாலமோனுக்கு ஒரு பலகை

கரண்டு போயிருந்த நேரத்தில் ஷெட்டுக்குள் பீ என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, மூச்சுப் பத்தாத, பாதியிலேயே அறுந்துபோன சத்தம். ஸ்டீபன் கையிலிருந்த டீ டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாளைக்குப் போகி, தெருவில் பிள்ளைகள் எதையாவது ஊதிக்கொண்டு திரிவார்கள், அதுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. மூலையில் அடுக்கி வைத்திருந்த பூவரசம் பலகைகளின் பக்கமிருந்து வந்தது. அது அவனுக்கே தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவன் ஃபிட்டர். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் குடி. இவனுக்கு மரம் அறுக்கிற பைத்தியம். காயலான் கடையில் பொறுக்கிய மோட்டாரையும் ஆங்கிளையும் பற்ற வைத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டு போட்டு, கட்டையைப் படுக்க வைத்து அறுக்கிற ரம்பம் ஒன்றைத் தானே செய்திருந்தான். இதே பைத்தியம் பிடித்த இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிற குப்புராஜ், பொதட்டூர்பேட்டையில் நெல் பயிரிடுகிற ஜெகன், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற சாலமோன். வாட்ஸப்பில் ‘லீவு நாள் மரவாடி’ என்று குழு. காசு பார்க்கிற வேலை இல்லை. ஒரு கட்டையைப் பிளந்து உள்ளே ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆசை மட்டும்தான்.

அன்று சாயங்காலம் போன் ஓயாமல் துடித்தது. நாளைக்கு நான்கு பேருக்கும் லீவு. ஸ்டீபனின் ஷெட்டுக்கு எல்லாரும் வருவதாக முடிவாகியிருந்தது. ஜெகன் நாட்டுக்கோழி கொண்டுவருவதாகச் சொன்னான். கோழியை ரம்பத்தில் அறுக்காமல் இருந்தால் சரி என்று குப்புராஜ் பதில் போட்டான். அப்புறம் அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது: “இத்தினி நாளா பேக்கிங் பொட்டிய அறுத்துக்கினு இருந்தான். இப்ப பூவரசு கெடச்சதும் நைனா ரேஞ்சே வேற. நாளைக்கி வாசல்ல டிக்கெட்டு கிழிச்சாலும் கிழிப்பான்.”

ஸ்டீபனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கடுத்து வந்தது சாலமோனின் குரல்.

“எனுக்கு ஒரே ஒரு பலக குடு ஸ்டீபா. மோனிக்கு ஒரு சிலுவ செய்யணும். சிமெண்டு சிலுவ வெடிச்சிப் போச்சி.”

அதைக் கேட்டதும் ஸ்டீபனுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஷெட்டில் யாருமில்லை. இருந்தும் யாரோ பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

மோனி என்கிற மோனிகா சாலமோனின் ஒரே மகள். ஐந்து வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆயிற்று பதினான்கு வருஷம். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதென்றால் அவளுக்கு உயிர். அதனால் கல்லறையின் தலைமாட்டில் சாலமோன் ஒரு பூவரசம் போத்தை நட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினான். போத்து மரமானது. போன கார்த்திகைப் புயலில் கல்லறைத் தோட்டத்தில் பல மரங்கள் விழ, வெட்டி அப்புறப்படுத்தச் சபையார் ஸ்டீபனைத்தான் கூப்பிட்டார்கள். பூவரசு விழவில்லை. லேசாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு முட்டு கொடுத்திருந்தால் நின்றிருக்கும். ஸ்டீபன் அதன் பட்டையில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே வைரம் எப்படி இருக்கும் என்று நினைத்தான். பேக்கிங் பெட்டி என்று குப்புராஜ் எப்போதும் கிண்டல் செய்வதும் ஞாபகத்துக்கு வந்தது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். அறிந்திருந்தால் அவன் கைரம்பத்தைத் தூக்கி அதை அறுத்துச் சாய்த்திருப்பானா?

சாலமோனிடம் மரம் ராத்திரியே விழுந்துவிட்டது, பஞ்சாயத்து லாரி வாரிக்கொண்டு போய்விட்டது என்றான். சாலமோன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குழந்தைமேல் கிடக்க விடாமல் அப்புறப்படுத்தினாயே, நீ நல்லா இருப்பே என்று அழுதான். அன்று நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். செத்தானா? குழுவில் கட்டையின் வெட்டுமுனையை மட்டும் படமெடுத்துப் போட்டு, தடா பக்கம் ஏலத்தில் எடுத்தேன் என்று எழுதினான். முதல் இதயம் போட்டது சாலமோன்தான்.

மரக்கிறுக்குப் பிடித்தவன் கண் சாமானியப்பட்டதல்ல. தான் நட்டு வளர்த்த மரத்தின் பட்டையை, கிளை வெட்டிய தழும்பை, சாலமோன் பார்த்ததுமே கண்டுகொள்வான். அந்த அறிவு ஸ்டீபனுக்கு இப்போதுதான் வந்தது. பலகைகளை எங்கேயாவது ஒளித்துவிட்டு, வேறொருவர் வாங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என எழுந்தான். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை.

கரண்டு இன்னும் வரவில்லை. தகரக் கூரைக்கு அப்பால் ஏதோ ஒரு ஆலையின் உலை வெளிச்சம் வானத்தில் செம்மண் நிறத்தில் ஏறி ஏறி இறங்க, அதற்கேற்ப ஷெட்டுக்குள் ரம்பத்தின் நிழலும் கயிறுகளின் நிழலும் சுவரில் நீண்டு நீண்டு சுருங்கின. ஈர மரத்தூளின் புளித்த வாடை இருந்தது. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பவுடர். வேர்த்த தலை. தைலம் தடவிப் போர்த்திப் படுக்க வைத்த பிள்ளையிடம் வருமே, அந்த வாடை.

அவன் அதுவரை அறுத்திருந்தது மூன்று பலகைகள். அறுத்த வரிசை கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே காற்றோடச் சிம்புக் குச்சி கொடுத்து வைத்திருந்தான். பக்கத்துப் பலகைகளைப் புத்தகம்போல் விரித்தால் ரேகை ஜோடி சேரும். அந்த அழகுக்காகவே இவர்கள் நான்கு பேரும் வரிசையைக் கலைக்க மாட்டார்கள். மீதிப் பாதிக் கட்டை ரம்பத்தின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

மேல் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, போன் வெளிச்சத்தைக் காட்டினான். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. முடிச்சு என்றுதான் அறுத்த அன்று நினைத்தான்.

இரண்டாவது பலகையில் புள்ளி பெரிதாகியிருந்தது. மேலே அகலமாக ஒரு மேடு. கீழே சின்னதாக இன்னொன்று. நடுவிலிருந்தது மூக்கு.

ஸ்டீபன் போனை அணைத்தான். மரத்தில் முகம் தெரிவது புதிதா, மேகத்தில்கூடத்தான் யானை தெரியும் என்று சொல்லிப் பார்த்தான். பிறகு போனை மறுபடி எரியவிட்டு மூன்றாவது பலகையைப் புரட்டினான்.

கன்னங்கள் இருந்தன. மூடிய இமைகள் இருந்தன. மயிர் மயிராக இமைமுடியும் ரேகையாக ஓடியது. மார்பின்மேல் கோத்து வைத்த பத்து விரல்கள். பெட்டியில் படுக்க வைப்பதுபோல.

மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பிள்ளையை மேலிருந்து சீவிக்கொண்டு வந்தால் எது எது எந்த வரிசையில் தெரியுமோ, அது அது அந்த வரிசையில் தெரிந்தது. அறுத்தவன் அவன்தான்.

கை வைத்துப் பார்த்தான். பலகை சுட்டது.

மறுபடி பீ என்று சத்தம். இந்தத் தடவை தார்ப்பாய்க்கு அடியிலிருந்து. அவன் தார்ப்பாயைத் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். ஏன் மூச்சு வாங்குகிறது என்று மனைவி சாராள் கேட்டதற்கு வண்டியைத் தள்ளினேன் என்றான். அவளிடமும் சொல்ல முடியவில்லை. பேயைக் கண்ட பயத்தைச் சொல்லிவிடலாம். திருட்டைச் சொல்லாமல் பேயை எப்படிச் சொல்வது?

விடிவதற்குள் தெருவெல்லாம் புகை. மார்கழிப் பனியும், டயரும் பாயும் எரிகிற புகையும், ஆலைப் புகையும் ஒன்றாகக் கலந்து எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று ஸ்டீபன் மூன்று பலகைகளையும் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து, தெருமுனையில் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் முகம் கீழே இருக்கும்படி போட்டான். சாக்கு எரிந்தது. பலகை எரியவில்லை. ஓரங்களில் வெள்ளையாக நுரை தள்ளிற்று, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “நல்ல பலகையப் போயி எரிக்கிறியேண்ணா. யாராவது செத்தவங்க படுத்த கட்டிலா?”

அவன் ஒரு கம்பால் பலகையை நெருப்புக்குள் இன்னும் தள்ளினான். காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. அது நெருப்பின் சூடு இல்லை.

அப்போது போன் அடித்தது. சாலமோன்.

“நா மொத வண்டியிலயே வந்துட்டேன் ஸ்டீபா. டேசன்லேர்ந்து நடந்து வந்துகினு இருக்கேன். அவனுங்க வர்றதுக்குள்ள அந்தப் பலகைய பாத்துர்றேன். சிலுவ அது இதுன்னா நா அழுதுருவேன்டா. அவனுங்க முன்னாடி வேணாம்.”

இப்போது சொல்லிவிடலாம். அண்ணா, அது உன் மரம். நான்தான் வெட்டினேன். இரண்டே வரி. தொண்டை வரைக்கும் வந்தது. சாலமோன் முகம் எப்படி மாறும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டது.

“வாண்ணா” என்றான்.

போனை வைத்ததும் ஷெட்டுக்கு ஓடினான். பத்து நிமிஷம் இருக்கிறது. பாதிக் கட்டையைச் சிம்பு சிம்பாகக் கிழித்துப் போட்டுவிட்டால் எந்த மரம் என்று எவன் சொல்ல முடியும்? கரண்டு வந்திருந்தது. தார்ப்பாயை உருவினான். கட்டையின் மேல்முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான். ரம்பம் கூவியது. தள்ளினான்.

முதல் பலகை கழன்று விழுந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தான்.

முகம் அப்படியே இருந்தது. அறுத்துத் தள்ளியும் அப்படியே. இமை திறந்திருந்தது.

ரம்பத்தை இறக்கினான். மறுபடி தள்ளினான். மரத்தூள் ஈரமாக முகத்தில் அடித்தது. உப்புக் கரித்தது. அடுத்த பலகை விழுந்தது. முகம் அதே இடத்தில். வாய் திறந்திருந்தது. பால் பற்கள். ஒன்று விழுந்த இடம் காலி.

மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று சொல்லிக்கொண்டே தள்ளினான். சொன்ன வாய் நிற்கவில்லை. தள்ளிய கையும் நிற்கவில்லை. இன்னொரு பலகை. கண் அவனையே பார்த்தது. இன்னொன்று. இன்னொன்று. கட்டை மட்டும் குறையவே இல்லை.

பிளேடு அறுந்தது. மோட்டார் வெறுமனே சுற்றி ஓய்ந்தது.

வாசலில் சாலமோன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையில் பொங்கலுக்கு வாங்கிவந்த கரும்பு. பின்னால் புகை. கும்பிடுவதா காலில் விழுவதா என்று தெரியாமல் ஸ்டீபனின் கைகள் ஈரத்தூளோடு முன்னால் நீண்டு நின்றன. அடித்தால் தேவலை என்று இருந்தது.

சாலமோன் அவனைப் பார்க்கவில்லை. கரும்பைக் கீழே போட்டான். ரம்பத்தின் கீழே குனிந்து, கட்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தூக்கினான். இரண்டு ஆள் சேர்ந்து கடப்பாறை போட்டுப் புரட்டிய கட்டை. நோகாமல் தூக்கினான். தோளில் சாய்த்துக்கொண்டு, பட்டையில் மெல்லத் தட்டிக்கொடுத்தான். கன்னத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

“ஒடம்பு கொதிக்குதுடா ஸ்டீபா” என்றான். குரலில் கோபமே இல்லை. “ஆசுபத்திரிக்கிப் போவணும். வண்டிய எட்றா.”

தெருவில் குப்புராஜும் ஜெகனும் எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது. ஸ்டீபன் சாலமோனின் தோளைப் பார்த்தான். மார்பின்மேல் கோத்திருந்த விரல்கள் இப்போது கோத்திருக்கவில்லை. கட்டையின் ஓரத்தில், கறுத்த ரேகைகளாக, ஐந்து சின்ன விரல்கள் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தன. அந்த இடத்தில் துணி கசங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.