ஏழாம் அளவு வலது கை

மழைக்கு ஒதுங்கியவன் போலத்தான் கடைக்குள் ஓடி வந்தான். தலையைக்கூடத் துவட்டாமல் அவன் கேட்ட முதல் கேள்வியே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க, எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே கையுறை இருக்கா?"

அவள் பூங்காவில் ரோஜாப் பாத்திகளைக் கவனிப்பவள். சாயங்காலம் அக்காவின் தோட்டச் சாமான் கடைக்கு வந்து ஒத்தாசை செய்வாள். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா தொங்கும். வருகிறவர் உள்ளங்கையைச் சுற்றி அளக்காமல் யாருக்கும் ஒரு கையுறைகூட எடுத்துக் கொடுக்க மாட்டாள். அக்கா அவளைக் கூப்பிடுவதே அளவுக்காரி என்றுதான்.

"ஆபீசுக்குப் போகவும் குளிக்கவும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்குவீங்களா?"

அவன் குனிந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த தன் சட்டையைப் பார்த்தான். "இன்னிக்கு அப்படித்தாங்க ஆயிடுச்சு."

சிரித்துவிடக்கூடாது என்று அவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"களை பிடுங்க இது. விரல் நுனியில ரப்பர் இருக்கு, வேர் வழுக்காது. நாத்து நட இந்த மெல்லிசு... மொத்தமானதைப் போட்டா தண்டை நசுக்கிடுவீங்க. சேத்து வேலைக்கு முழங்கை வரைக்கும் ரப்பர். உங்களுக்கு என்ன வேலை?"

"நூலகத்துல இருக்கேன். வாசல்ல இருக்கிற ரோஜாவை நீதான் பார்த்துக்கணும்னு என் தலையில கட்டிட்டாங்க."

"ரோஜாவா? அதுக்கு நீளமான தோல் கையுறைதான்..."

சொல்லிக்கொண்டே கொக்கியைப் பார்த்தாள். ஒரே ஒரு ஜோடி. அவள் தனக்கென்று வைத்திருந்தது. மழை நின்றால்தான் அடுத்த சரக்கு வரும். சட்டென்று கையை நீட்டினாள். அவனும் நீட்டினான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது என்னோடது."

"பேர் எழுதலையே!"

"எனக்கு நாளைக்குக் கவாத்து இருக்கு, கிளை வெட்டணும். வலது கையில கத்தரி. முள்ளுக் கொம்பைப் பிடிக்கிறது இடது கை. பாருங்க..." பையிலிருந்து பழைய இடது கையுறையை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கிழிசல். "வலது நல்லாத்தான் இருக்கும். இடதுதான் என் உயிரை வாங்குது."

அவன் கிழிசலைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையில் சிவந்து கிடந்த கீறல்களைப் பார்த்தான். பிறகு அவளை. அவன் இமையில் இன்னும் ஒரு மழைத்துளி விழாமல் நின்றிருந்தது... அதை ஏன் கவனித்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"அப்போ சண்டையே வேண்டாம். நான் இடது கைக்காரன். எனக்குக் கிழியறது வலதுதான். இடதை நீங்க வெச்சுக்கங்க."

"நல்லாருக்கே!" என்றாள் கல்லாவிலிருந்த அக்கா. "என் கடையில ஜோடியைப் பிரிச்சதே கிடையாது. ஒத்தக்கை சாருக்காகப் பிரிக்கிறேன்."

அவன் போட்டுக்கூடப் பார்க்காமல் வலது கையுறையைப் பைக்குள் வைத்தான். அவள் விரல்கள் கழுத்து நாடாவைத் தொட்டன... விட்டுவிட்டன. அளக்க வேண்டுமென்றால் அவன் கையைப் பிடிக்க வேண்டுமே!

"வீட்டுல கிழியாத வலது இன்னும் மூணு கிடக்கு," என்று மட்டும் சொன்னாள். "வேணும்னா அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை..."

"வர்றேன்," என்றான், அவள் முடிப்பதற்குள்.

வந்தான். ஒவ்வொரு மாதமும் சொன்ன நாளில், முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வந்தான். அக்கா கொடுக்கும் டீயை இடது கையால்தான் வாங்குவான். கப் சுடுகிறது என்று கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வான். அப்படியும் பாதி டீ தரையில்தான்.

"ஒத்தக்கை சார், டீயை நீங்க குடிக்கிறீங்களா, என் தரை குடிக்குதா?" என்பாள் அக்கா.

அவன் வாயில் எப்போதும் ரோஜாப் பேச்சுதான். எந்தக் கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும், இலையில் கரும்புள்ளி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்... அவள் சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்பான். போகும்போது மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு அவள் மீதி மாதத்தை ஓட்டினாள்.

வலது கையுறைகள் வைத்திருந்த பெட்டியில் மூன்று, இரண்டு, ஒன்று. மூன்றாவதைக் கொடுத்த அன்று வெறும் பெட்டியை மூடவே அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து நிமிர்ந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"நூலகம் என்ன கடல் தாண்டியா இருக்கு? ரெண்டு தெரு. போய்த்தான் பாரேண்டி," என்றாள் அக்கா.

"நான் எதுக்குப் போகணும்? வலது தீர்ந்துச்சு, ஆளும் வரல. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"எல்லார் கையையும் அளப்ப. உன் மனசை மட்டும் அளக்க மாட்ட."

மறுநாள் பூங்காவில், தான் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். இடது கையுறையின் தேய்ந்த இடத்தை வேண்டுமென்றே முள்ளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இது கிழிந்தால்தானே புது ஜோடி... புது ஜோடி எடுத்தால்தானே ஒரு வலது மிஞ்சும்...

நான்காம் நாள் கிழிந்தது. அன்று சாயங்காலமே புது வலதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள்.

அவன் மேஜையில் இருந்தான். பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். குண்டு குண்டான, அழகான எழுத்து.

வலது கையால்.

அவள் அப்படியே நின்றாள். அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு கயிற்றில் நான்கு வலது கையுறைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் ஒரு முள் பட்ட தடம் இல்லை.

சுவரில் 'அமைதி' என்று பலகை. அதனால் சண்டையையும் கிசுகிசுப்பாகத்தான் போட வேண்டியிருந்தது.

"இடது கைக்காரர்!"

அவன் பதறி எழுந்தான். நாற்காலி கிரீச்சிட்டது. தூரத்தில் படித்துக்கொண்டிருந்த பெரியவர் முறைத்தார்.

"நாலு மாசமா என்னை வெச்சு விளையாடியிருக்கீங்க. ஒண்ணைக்கூடத் தொடல. ரோஜாவுல கையாவது வெச்சீங்களா, அதுவும் பொய்யா?"

அவன் ஜன்னலைக் காட்டினான். வெளியே செடிகள் அவள் சொல்லிக்கொடுத்தபடியே, கணு பிசகாமல் கவாத்து செய்யப்பட்டுத் தளிர்விட்டிருந்தன. பிறகு மேஜைக்குக் கீழிருந்து இடது கையை மெல்ல எடுத்தான். உள்ளங்கையில் பெரிய கட்டு. மணிக்கட்டிலிருந்து மேலே, ஆறியதும் ஆறாததுமாகக் கோடுகோடாய்க் கீறல்.

"முள்ளு உள்ளேயே தங்கிடுச்சு. டாக்டர் கீறித்தான் எடுத்தார். கட்டோட வந்தா கண்டுபிடிச்சிடுவீங்க... அதான் வரல."

அவள் அந்தக் கட்டின் மேல் குனிந்தாள். "ஒரு இடது வாங்கியிருக்கலாமே..."

"எங்கே? உங்க அக்கா கடையை விட்டா இந்தப் பக்கம் வேற கடை ஏது?"

"இந்த நாலுல ஒண்ணையாவது திருப்பிப் போட்டுக்கிட்டு..."

"முயற்சி பண்ணேங்க. எல்லாம் உங்க கைக்கான ஏழாம் அளவு. விரலைத் தாண்டி உள்ள போகவே மாட்டேங்குது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்க கையில கீறலைப் பார்த்தேன்," என்றான் அவன், குரலை இன்னும் தாழ்த்தி. "ஒரு பொய் சொன்னா அந்தக் கை தப்பிச்சுக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான் நினைச்சேன். அப்புறம் நீங்க 'அடுத்த மாசம்'னீங்க... அதுக்கப்புறம் உண்மையைச் சொல்ல மனசு வரல. சொல்லிட்டா நான் எதைச் சாக்கு வெச்சு வருவேன்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. வலது கைக்காரனா சொல்றேன்."

வெளியே தூறல் ஆரம்பித்தது. அவள் கொண்டுவந்த பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"எல்லார் கையையும் அளப்பேன்," என்றாள், நிமிராமல். "உங்க கையை மட்டும் அளக்கல. ஏன்னு... தெரியாதா?"

கழுத்திலிருந்த நாடாவை உருவினாள். "வலதை நீட்டுங்க. கட்டு பிரிச்சதும் இடதை அளந்துக்கலாம்."

நீட்டினான். அந்தப் பெரிய கையைத் தன் கையில் ஏந்தி, கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவை இழுத்தாள். பத்து. நன்றாகத் தெரிந்தது, பத்தேதான். இத்தனை வருஷத்தில் எந்தக் கையையும் அவள் இரண்டாவது முறை அளந்ததில்லை.

"சரியா வரலையா?" என்றான்.

"வந்துச்சு," என்றாள், கையை விடாமல். "இருந்தாலும்... இன்னொரு தடவை."