சதுரச் சாம்பல்

ஆறு மணிக்கு எழுந்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலர், கை, முதுகு. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃபோன் செய்து இன்றும் வரவில்லை என்றான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். ஒன்பது நாட்களாக எல்லாக் காலையும் இப்படித்தான். இன்று மட்டும் பேருந்து ஏறி சர்வேயர் வீட்டுக்குப் போனான்.

சர்வேயர் காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தீ விபத்துகளை ஆராய்கிறவர். ஐம்பத்தைந்து வயது. அவசரப்படாதவர். அவசரமெல்லாம் அவருடைய மைத்துனனுக்கு. கல்யாணங்களில் படம் எடுத்து அலுத்துப்போய், கேமராவோடு அக்கா புருஷன் பின்னால் அலைகிறவன்.

"உட்காருங்க தம்பி. சொல்லுங்க."

"என் மனைவி ஒரு ஹூக்கா கடையில வேலை பார்த்தா. கிண்ணம் பொருத்தறது, கரி மூட்டறது. பதினாலாம் தேதி சாயந்திரம் அஞ்சு மணிக்கு அந்தக் கடை ஸ்டோர் ரூம்ல செத்துக் கிடந்தா. கரியிலேர்ந்து வர்ற விஷக்காத்துன்னு டாக்டர் சொன்னார்."

"போலீஸ்?"

"தானே கரியோட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்னு எழுதிட்டாங்க." அவன் தரையைப் பார்த்தான். "அன்னைக்குக் காலையில சண்டை. வேலையை விடுன்னேன். கேட்கலை. 'போ, அந்தக் கரியோடயே குடித்தனம் நடத்து, திரும்பி வராதே'ன்னுட்டேன். அதை அவ கடையில சொல்லியிருக்கா. முதலாளி அப்படியே போலீஸ்ல சொல்லிட்டார்."

"நான் என்ன செய்யணும்?"

"யாரையும் பிடிச்சுக் கொடுக்க வேண்டாம். நான் சொன்னதாலதான் போனாளான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

மைத்துனன் பொறுக்க மாட்டாமல் சொன்னான். "விபத்தாத்தான் இருக்கும் அத்தான். அசதியில தூங்கியிருப்பாங்க."

"இரு மச்சான். தம்பி, அவங்க வேலை செய்யற விதம் தெரியுமா?"

தெரியும். வீட்டில் அவள் வேறெதுவும் பேசியதில்லை. அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். மண் கிண்ணத்தில் புகையிலைக் கலவையை அழுத்தாமல் தூவ வேண்டும். விளிம்புக்குக் கீழே ஒரு நகக்கண் இடைவெளி. இல்லாவிட்டால் மேலே இழுத்துக் கட்டும் அலுமினியத் தாளில் ஒட்டிக் கருகிவிடும். ரப்பர் வளையத்தை நனைத்து, கிண்ணத்தைத் திருகி உட்கார வைக்க வேண்டும். மேலே உள்ளங்கையை வைத்துப் பொத்தி, குழாயை உறிஞ்ச வேண்டும். காற்று வந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது. சதுரமான சிரட்டைக் கரிக்கட்டியை மின்சாரக் காயில் அடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பி, கறுப்பே இல்லாமல் சிவக்க விட வேண்டும். கிண்ணத்துக்கு மூன்று. மேஜையில் அடிக்கடி கரியைத் திருப்பிச் சாம்பலைத் தட்ட வேண்டும். தீர்ந்த கரி மண் வாளிக்குள், வெளிமுற்றத்தில்.

"தாள்ல ஊசியால ஓட்டை போடறது?"

"கரி சிவந்த பிறகுதான். முன்னாடியே போட்டா கலவை காய்ஞ்சிடும்னு திட்டுவா. என்னைக்கூட."

கடை ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. முன்பக்கக் கண்ணாடிக் கதவில் தீயணைப்புத் துறையின் ஆய்வுத் தாளை ஒட்டியிருந்தார்கள். மைத்துனன் வாய்விட்டுப் படித்தான். "கரி மூட்டுமிடம் வெளிமுற்றம் மட்டும். உள்ளறைகளில் மூட்டப்படுவதில்லை. குறை ஏதுமில்லை. பதினான்காம் தேதி, மாலை நான்கு பத்து."

கணவன் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். மரியாதையாகப் பேசினார். "தங்கமான பொண்ணு சார். அன்னைக்கு மூஞ்சியே சரியில்லை. இனிமே வீட்டுக்குப் போகப் போறதில்லைன்னுச்சு. ரெண்டு மணிக்கு மேல கடையில ஈ காக்கை இல்லை. மதியம் வந்தவங்களோட மிச்சக் கரியையெல்லாம் கூடையில அள்ளிக்கிட்டு உள்ளே போயிருக்கு. எங்களுக்குத் தெரியவே தெரியாது. போலீஸ் வந்துட்டுப் போனதுலேர்ந்து அந்த ரூமை நாங்க எட்டிக்கூடப் பார்க்கலை."

அறை எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் இல்லை. உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கல்மேடையில் காயில் அடுப்பு.

"இது எதுக்கு?"

"பசங்க டீ போட்டுக்கறதுக்கு சார்."

மைத்துனன் அலமாரியைத் துழாவினான். "பாத்திரமே இல்லாம டீ போடற கடையை இப்பத்தான் பார்க்கறேன்." அலமாரியில் இருந்தவை கிண்ணங்கள். எட்டு. எல்லாவற்றிலும் தாள் கட்டி, வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தது.

தரையில் கம்பிக் கூடை. அதற்குள் சாம்பல். சர்வேயர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, மூச்சுக்கூடப் படாமல் எல்லாவற்றையும் படமெடுக்கச் சொன்னார்.

"ஃபேன் ஓடுமா?"

"ரிப்பேர் சார். ரெண்டு மாசமா."

சுவிட்ச் அறைக்குள் இல்லை. கூடத்தில், கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. சர்வேயர் போய் அதைத் தட்டினார். ஃபேன் லாரிபோல் உறுமியது. கூடைச் சாம்பல் மேலெழுந்து கலைந்தது. முதலாளி கைக்குட்டையை மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

கூடத்துப் பக்கம், அறைக் கதவை ஒட்டிய சுவரோரம் டீத்தூள் டப்பாக்கள் அடுக்கிய ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதன் காலடியிலிருந்து கதவு வரைக்கும் தரையில் இரண்டு வெள்ளைக் கீறல்கள் ஓடின. சர்வேயர் செருப்பு நுனியால் அவற்றைத் தடவிப் பார்த்தார்.

கூடத்தில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். கடையின் ஒரே சப்ளையர் மட்டும் உட்காரவில்லை. ஒரே கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மச்சான், மிச்சக் கரி எப்படியிருக்கும்?"

"சின்னதா... திருப்பித் திருப்பித் தட்டினதுல மூலையெல்லாம் மழுங்கி, உருண்டையா இருக்கும்."

"கூடையில இருந்தது?"

மைத்துனன் கேமராவின் திரையைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "சதுரம் அத்தான். நாலு பக்கமும் கூர் குறையாம. வெட்டி வச்ச மாதிரி."

"எந்த மேஜைக்கும் போகாத புதுக் கரி. சிவந்ததும் கூடையில எடுத்து வச்சிருக்காங்க. வச்ச இடத்துலயே, யாரும் தொடாம எரிஞ்சு முடிஞ்சிருக்கு. எத்தனை?"

"எண்ணிட்டேன். இருபத்து நாலு."

"கிண்ணம் எட்டு. கிண்ணத்துக்கு மூணு. ஓட்டையும் போட்டாச்சு. அதாவது, அடுத்த நிமிஷம் எட்டு ஹூக்கா மேஜைக்குப் போகணும். சாகப்போறவங்க செய்யற வேலை இல்லை அது. ஈ காக்கை இல்லைன்னீங்களே முதலாளி, எட்டு யாருக்கு?"

முதலாளி கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார்.

"ஃபேன் ஓடியிருந்தா அந்தச் சாம்பல் அப்படி நின்னிருக்காது. ரூமுக்குள்ள இருக்கறவங்களால அதை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினது வெளியே இருந்தவங்க. ஏன்? சத்தம் கேட்டா சுவருக்குப் பின்னால ரூம் இருக்கறது தெரிஞ்சுபோகும். யாருக்கு? நாலு பத்துக்கு வந்தவங்களுக்கு. உள்ளே கரி மூட்டறதில்லைன்னு அவங்ககிட்ட எழுதி வாங்க வேண்டியிருந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்கற கதவு. அது மேல அலமாரியைத் தள்ளி மறைச்சிருக்கீங்க. தரையில கோடு இருக்கு. உள்ளே இருந்து திறக்கணும்னா யானை வேணும்."

"பத்து நிமிஷத்துல போயிடுவாங்கன்னு நினைச்சேன் சார்." முதலாளி எழுந்து நின்றார். "கடை மூடிட்டா நாலு குடும்பம் சார்..."

"ஒரு குடும்பம் இங்கே உட்கார்ந்திருக்கு. முதல்ல அதைப் பாருங்க."

மைத்துனன் எழுந்தான். "போலீஸைக் கூப்பிடறேன் அத்தான்."

"கூப்பிடு." சர்வேயர் கணவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். அவங்களாப் போகலை. வேலை செஞ்சிட்டிருந்தாங்க. அடைச்சாங்க."

கணவன் தலையாட்டினான். அழவில்லை. யாரோ முகவரி சொல்லக் கேட்பவன்போல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சப்ளையரிடம் போனான்.

"அலமாரியைத் தள்ளினது நீங்களா?"

சப்ளையர் தம்ளரைக் கீழே வைத்தான். "நான்தான் சார்."

"சொல்லுங்க."

"எட்டுப் பேர் வந்திருந்தாங்க. கரி ரெடி. அப்ப ஆபீசருங்க வந்து முன்னாடி இறங்கிட்டாங்க. கரியை முற்றத்துக்குக் கொண்டுபோயிடறேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அந்த வழி அவங்க கண்ணுல படும்னு முதலாளி விடலை. தண்ணி ஊத்தி அணைக்கறேன்னுச்சு. ஊத்தினா ஆவியும் வாடையும் கிளம்பும், பேசாம இருன்னார். ஆபீசருங்க டீ குடிச்சுக்கிட்டு முக்கா மணி நேரம் பேசினாங்க சார். நான்தான் டீ கொடுத்தேன். மூணு ரவுண்டு."

"உள்ளேயிருந்து தட்டினாளா?"

"முதல்ல இல்லை. அப்புறம் ஒரே ஒரு தடவை, மெதுவா. டப்பா நகர்ந்ததுன்னு சொல்லி முதலாளி சமாளிச்சார்."

மைத்துனன் வாசலில் ஃபோனில் கடை முகவரியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கணவன் அது முடியும்வரை காத்திருந்தான்.

"கதவைச் சாத்தறப்போ என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா? சண்டையைப் பத்தி?"

"இல்லை சார். அதெல்லாம் காலையிலேயே சொல்லிச் சிரிச்சிடுச்சு. சாயந்திரம் உங்களுக்கு ஃபோன் பண்ணி வம்பிழுக்கணும்னுச்சு."

"கடைசியா என்ன சொன்னா? இருக்கறபடி சொல்லுங்க. எதையும் சேர்க்காதீங்க."

சப்ளையர் கதவைப் பார்த்தான். பிறகு அவளுடைய தணிந்த குரலிலேயே சொன்னான்.

"'அண்ணே, ஒரு விரல் அளவு திறந்து வைங்க. நான் இருமக்கூட மாட்டேன்.'"