அங்கம்மாள் இறங்கின தறி

ஸுதர்சன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பிள்ளையார்பாளையம் வந்திறங்கியது பட்டப்பகலில். பேய்க்கு உகந்த நேரமில்லைதான். ஆனால் வீட்டை விட்டே போகாத பேய்க்குப் பகலென்ன, இரவென்ன?

தொண்ணூற்றாறாம் வருஷம். நெசவாளர் கதிர்வேலின் தறியில், துளையிட்ட அட்டைகளுக்குப் பதிலாகக் கணினி பூப்போட வேண்டும். மாலைக்குள் ஓடினால் பட்டுக்கடை முதலாளி பத்துத் தறிக்கு ஆர்டர் தருவார். ஓடாவிட்டால் சின்ன காஞ்சிபுரத்தில் இன்னொரு வருஷம் மாமனார் வீட்டுச் சாப்பாடு.

நிரலை சி மொழியில் எழுதியிருந்தான். மிதியை அழுத்தினால் கணினிக்கு இன்டரப்ட் போகும். அது கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பூவுக்கான இழைகளைத் தூக்கும். போகுமுன் கையிலிருந்த எண்களை எடுத்துப் பத்திரப்படுத்தி, முடிந்ததும் திருப்பி வைக்க, அசெம்பிளி மொழியில் ஒரு உறை எழுத வேண்டும். ஸுதர்சன் பாதி எண்களுக்குத்தான் எழுதினான். மீதி அவன் அந்தஸ்துக்குக் குறைச்சல்.

கதிர்வேல் தறிக்கடியில் கால் வைக்கும் குழியில் இறங்கி நாலு மிதி மிதித்ததும் திரை செத்தது.

"ஒம்ம சுவிட்ச் சரியில்ல ஓய்" என்றான், தன் தப்பை நொடியில் அடுத்தவன் தலையில் கட்டி.

மறுபடி ஓட்டினான். கதிர்வேல் ஏறிவந்துவிட்டதால் குழியில் யாருமில்லை. திரையில் மிதி எண்ணிக்கை ஏறியது.

மிதியின் ஒயரைப் பிடுங்கினான்.

ஏறியது.

கஞ்சி வாசனையும் வெற்றிலை வாசனையும் குழியிலிருந்து மெல்ல எழுந்தன.

கதிர்வேல் குரலைத் தாழ்த்தினான். "எறங்காதீங்க சார். எங்க அங்கம்மா அத்தை பாதிப் பொடவையில இதுலதான் உயிர வுட்டுச்சி. 'அத்தை, கொஞ்சம் எழுந்துக்கோ'ன்னு கேட்டுட்டுத்தான் நாங்களே எறங்குவோம்."

"செத்தவா கிட்ட டோக்கன் வாங்கணுமோ? போம்யா!"

கேட்காமல் இறங்கினான்.

குழி ஜில்லென்றிருந்தது. மிதி மட்டும் வெதுவெதுப்பாக.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு பாதம் இருந்தது.

ஸுதர்சனின் கை தானாக ஊடிழை ஓட்டும் நாடாவைப் பிடித்தது. தறிபிடித்தே பிறந்தவன்போல ஒரு விரற்கடை கரையை நெய்துவிட்டு நின்றது. செருகிப்போன கண்கள் திரும்பி வந்தன. ஏறக்குறைய.

அந்தக் குறை நிரல் அதற்கப்புறம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏனென்று மாலையில் வந்த முதலாளி கேட்கவுமில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி லக்ஷணா வாசலுக்கே ஓடிவந்தாள். "ஏன்னா, ஆர்டர் கெடச்சுதா?"

அவன் மரியாதையாகப் பார்த்தான். "நீங்க யாரு?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவள் சிரிப்பும் நின்றது.

அவன் வாய் திறந்தது. வயதான பெண்குரல், அலுப்போடு வந்தது.

"கோச்சிக்காதமா. வேலை ஆனதும் எடுத்தத எடுத்த எடத்துல வச்சிட்டுப் போறவதான் நானு. இவன் உள்ள பூந்து பாத்தேன். எடுத்து வைக்கிறாப்புல ஒண்ணுமே இல்லமா! மிதி மிதிக்க காலு மட்டும் நல்லாருந்துது. அத நானே வச்சிக்கினேன்."