வெற்றிமானியும் வீரபாகுவும்

வெற்றிமானி வந்த பிறகு வீரபாகுவுக்கு எதிரே எவரும் உட்காருவதில்லை. சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கருவி, இருவரின் பழைய ஆட்டங்களையும் அலசி, யார் ஜெயிப்பார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடும். அது பிசகியதே கிடையாது. தோற்கப் போகிறவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கைரேகை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பிறகெதற்கு மெனக்கெட வேண்டும்? மாநிலத்திலேயே பெரிய ஆட்டக்காரரான வீரபாகு, போட்டி நடக்கும் கல்யாண மண்டபங்களில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கோப்பைகளை வாங்கிக் குவித்தார். பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத வெற்றி அது.

தூத்துக்குடிப் போட்டியில் அவருக்கு எதிரே வந்து நின்றவள் ஜெபசெல்வி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மானி அவளுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை.

“ரேகை வைங்கம்மா,” என்றார் நடுவர்.

“வைக்க மாட்டேன் சார். லீவு போட்டுட்டு வந்திருக்கேன். தோத்தாலும் வெளையாடித்தான் தோப்பேன்.”

வீரபாகு துள்ளி எழுந்தார். “உக்காருங்கம்மா, உக்காருங்க!” என்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

ஐயோ, எவ்வளவு மோசமாக ஆடினாள்! கொஞ்ச நேரத்திலேயே கதையை முடித்திருக்கலாம். முடித்தால் எழுந்து போய்விடுவாளே? அவளுடைய ராணி வெட்டுக்கு நின்றது. பார்க்காதவர்போல் ஒரு சிப்பாயை நகர்த்தினார். அவள் நகம் கடித்து யோசிப்பதை ஆசைதீரப் பார்த்தார். இப்படிச் சலுகை காட்டிக் காட்டி, கடைசியில் மீள வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். அவள் “செக்மேட்” என்றபோது மண்டபமே வாயைப் பிளந்தது. அவருக்கோ சந்தோஷம் தாளவில்லை. இனி மானியில் தன் மதிப்பு இறங்கும், ஆட்கள் வருவார்கள்.

வந்தார்கள்தான். தோற்றவர்களுக்கும் எல்லாச் சுற்றும் உண்டு; அடுத்த சுற்றுக்கு ஒரு வாலிபர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவருடைய மேஜையில் காத்திருந்தார். அங்கே போகிற வழியில் வீரபாகு ஜெபசெல்வியைப் பார்த்தார். வீரபாகுவையே வென்றவள் என்று மானி அவளை உச்சாணியில் தூக்கி வைத்துவிட்டது. அவளுடைய எதிராளி ரேகை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“ஜெயிச்சாச்சு போலிருக்கே,” என்றார் அசட்டுச் சிரிப்புடன்.

“வேணும்னேதான விட்டுக்குடுத்தீங்க சார்?” அவள் கண் கலங்கியிருந்தது. “எல்லா ரவுண்டும் தோத்தாலும் நாலு பேரோட வெளையாடலாம்னு வந்தேன். இனிமே எங்கூட யாரு சார் வெளையாடுவா?”

“நான் இருக்கேம்மா” என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுவர் கூப்பிட்டார். “சார், உங்க ஆளு காத்துக்கிட்டிருக்காரு.”

கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். ஆனால் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறாரே! வீரபாகு வேகமாகவே நடந்தார்.