கம்பி பிரேக்

வேடசந்தூருக்கு மேற்கே, மில் பஸ் திரும்புகிற முக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தோட்டத்து வீடு. பழைய கார் ஒன்றை வாங்க ஸ்தனிஸ்லாஸ் சார் போய் இறங்கியபோது காலை பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய் பிசாசு நினைப்பு வருகிற நேரமா அது?

புகையிலை காயவைக்கிற பழைய கொட்டகையின் கதவை, காரை விற்கிற நாகஜோதியம்மா தள்ளித் திறந்தார். உள்ளேயிருந்து நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. சார் போய்த் தார்ப்பாயை உருவினால், முப்பத்தாறாம் வருஷத்து கறுப்புக் கார். ஒரு நட்டு மாறவில்லை. சாருக்கு நின்ற இடத்திலேயே வாயெல்லாம் பல்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். பிரேக்க மட்டும் மாத்திருங்க. இந்தக் கம்பி பிரேக்கு வேணாம், ஆயில் பிரேக்கு போட்டுக்கங்க," என்றார் நாகஜோதியம்மா.

சாருக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷம் திண்டுக்கல்லில் பௌதிகம் நடத்தியவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது?

"கால்ல அமுக்குனா கம்பி இழுக்கும். கம்பி இழுத்தா சக்கரம் நிக்கும். இதுக்கு மேல என்னம்மா வேணும்? இதுல ஒரு கம்பிய மாத்துனாலும் அப்புறம் இது இந்தக் காரே இல்ல."

அந்தம்மா பேசிய நேரமெல்லாம் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார், ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. அதையாவது இந்த மனுசன் கவனித்திருக்கலாம்.

கவனிக்க எங்கே நேரம்? மகள் லிடியாவுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். இந்தக் காரில் அவளைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், கோயில் வாசலில் இறக்கி, கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஒரே மகள். அம்புட்டுதான் அவர் ஆசை.

வீட்டுக்கு வண்டி வந்தது, தலைவலியும் கூடவே வந்தது.

பேகம்பூரிலிருந்து மெக்கானிக் இஷாக் வந்தார். பழைய வண்டியென்றால் இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பெடலிலிருந்து நாலு சக்கரத்துக்கும் போகிற இரும்புக் கம்பிகளை அளந்து, முறுக்கி, நாலும் ஒன்றுபோலப் பிடிக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தாடிக்கொம்பு ரோட்டில் சார் பிரேக்கை அமுக்கினால், வண்டி விருட்டென்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு புளிய மரத்தைப் பார்க்கப் போனது.

திரும்ப முறுக்கினார்கள். திரும்ப இழுத்தது. இடது பின்சக்கரத்துக் கம்பியின் நட்டு மட்டும் தினமும் காலையில் நாலு சுற்று இறுகிக் கிடந்தது.

"நீங்க ராத்திரி எந்திரிச்சு நோண்டுறீங்களா சார்?"

"நான் எதுக்குய்யா நோண்டுறேன்? நீ ஒழுங்கா வச்சாத்தான நிக்கும்!"

இருபது வருஷப் பழக்கம், ஒரு நட்டால் சண்டைக்கு வந்துவிட்டது. வீட்டிலோ கேட்கவே வேண்டாம். "ஊரே ஆயில் பிரேக்குல போகுது, இந்த மனுசனுக்கு மட்டும் கம்பி வேணுமாம்," என்று மனைவி ஆனந்தமேரி தாளிக்கிற சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் தம்பி ஆண்டனிராஜின் புதுக் காரைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டதாகவும் காதில் விழுந்தது. சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனியன் பிடித்த நட்டு, அதுவும் சேர்ந்து அவரைக் கிறுக்கனாக்கிவிட்டதே!

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பட்டப்பகல் மூன்று மணிக்கு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இஷாக்கை வரச்சொன்னார். தான் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் ஆள் நகர்கிற சரசரப்பு, இரும்பில் ஸ்பானர் தட்டுகிற சத்தம்.

"அமுக்கு," என்றது குரல்.

அமுக்கினார்.

"விடு."

விட்டார். மரியாதை குறைந்துபோனது சாருக்கு உறைத்தது. ஆனாலும் கோபத்தில் இருக்கிறான், இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. அரை மணி நேரம் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் கம்பியின் அந்தக் கடைசியில் ஒரு கை பிடித்து இழுத்துப் பார்ப்பது உள்ளங்காலில் தெரிந்தது. கம்பி பிரேக்கில் அதுதான் விசேஷம். அந்தப் பக்கம் என்ன தொட்டாலும் இந்தப் பக்கம் தெரியும்.

பச்சைப் புகையிலை வாசம் வேறு அடித்தது.

"விட்டுராத," என்றது குரல், ரொம்ப மெதுவாக.

அப்போது கேட் திறந்தது. தலையில் கட்டிய துண்டும் கையில் பையுமாக இஷாக் உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார், பஸ்ஸு லேட்டாயிருச்சு. ஆரம்பிப்பமா?"

சார் பெடலிலிருந்து காலை உருவிக்கொண்டு, வண்டிக்கு அடியில் விரலை நீட்டினார்.

இஷாக் குனிந்து அடியில் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் நாலு நட்டும் ஒரே அளவில் நின்றன, புதிதாக எண்ணெய் விட்டிருந்தது. "யா அல்லா," என்றார்.

சாயங்காலம் சார் நாகஜோதியம்மாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை.

"எனக்கு ஒம்பது வயசு சார். அப்பா கண்ணுசாமி அடியில படுத்துக்கிட்டு கம்பிய முறுக்குனாரு. வண்டி வரப்பு மேட்டுல நின்னுச்சு. நான் பெடல அமுக்கிக்கிட்டு இருந்தேன். 'விட்டுராத'ன்னுருக்காரு. பம்புசெட்டு சத்தத்துல எனக்கு 'விட்டுரு'ன்னு கேட்டுச்சு." மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "விட்டுட்டேன் சார்."

இந்த இடத்திலாவது அவர் அந்தக் காரை ஓரங்கட்டியிருக்க வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் மறுநாள் ஓட்டிப் பார்த்தால், வண்டி வெண்ணெயாக நின்றது. இடமும் இல்லை, வலமும் இல்லை, கோடு போட்ட மாதிரி நின்றது. இரண்டு வாரமாக ஊரெல்லாம் சிரித்த பிரேக்! இப்போது போய் வேண்டாமென்றால், சாகிற வரைக்கும் ஆனந்தமேரி வாயில் அகப்பட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பேயே தேவலை என்று நினைத்துவிட்டார் மனுசன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இஷாக்கையும் விட விடவில்லை.

கல்யாணத்தன்று காலை, பின்சீட்டில் வெள்ளைச் சேலையில் லிடியா. கோயில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. ஏற்றத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள், அவர்களை ஒட்டிப் பூக்கூடை பிடித்த சின்னப் பிள்ளைகள், சொந்தபந்தம் எல்லாரும் காருக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்கள். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது என்ஜின் இருமியது, நின்றது.

வண்டி பின்னால் உருண்டது.

சார் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தார். நின்றது. பின்னால் பூக்கூடைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்.

"நீ இறங்கும்மா. அப்பா இதோ வாரேன்."

லிடியா இறங்கினாள். கைப்பிரேக்கை இழுத்தார், பிடிக்காமல் தொளதொளவென்று ஆடியது. கியர் விழ மாட்டேனென்றது. ஆண்டனிராஜ் இரண்டு பின்சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"கல்லு வச்சாச்சு அத்தான், இறங்குங்க!"

காலைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"விட்டுராத."

காலடியிலிருந்து வந்தது. பேண்டு சத்தத்துக்கு நடுவில் தெளிவாக, அவருக்கு மட்டும்.

திரும்ப மிதித்தார். "நான் வரலை, நீ கூட்டிட்டுப் போடா," என்றார். ஆண்டனிராஜ் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனான். தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு லிடியா படியேறினாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனந்தமேரி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

உள்ளே பூசை தொடங்கியது. பாட்டுக் கேட்டது. கல்யாண வார்த்தைப்பாடு சொல்லும்போது மைக்கில் மகள் குரல் நடுங்கியது கேட்டது. கைதட்டல் கேட்டது. வெளியே, நாற்பத்தைந்து நிமிஷம், தொடை நரம்பு வெட்டி இழுக்க, வேர்வை கண்ணில் ஊற்ற, ஒரே பெடலை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஸ்தனிஸ்லாஸ். ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினார். "எம்மக கல்யாணம்யா! எம்மக கல்யாணம்!" என்று காலடியைப் பார்த்துக் கத்தினார். கீழே ஒரு சத்தமும் இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த இஷாக் இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பிரேக்க விட முடியலய்யா. விட்டா உருண்டுரும். அவரு விடக்கூடாதுங்குறாரு."

இஷாக் தலையை உள்ளே விட்டு அவர் காலைப் பார்த்தார்.

"சார்," என்றார், குசுகுசுவென்று. "உங்க கால் நடுப் பெடல்ல இருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"இந்த வண்டிக்கு நடுவுல இருக்கிறது ஆக்சிலேட்டரு சார். பிரேக்கு வலது ஓரத்துல."

பதற்றத்தில், நாற்பது வருஷம் மற்ற வண்டிகளை ஓட்டிய கால், பழகிய இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. செத்துப்போன என்ஜினின் ஆக்சிலேட்டரைத்தான் இவ்வளவு நேரமும் உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறார்.

இருவரும் வலது ஓரத்தைப் பார்த்தார்கள்.

பிரேக் பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. அதன் மேல் யார் காலும் இல்லை.

கோயில் மணி அடித்தது. சார் தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கினார். மாலையும் கழுத்துமாக லிடியா படியிறங்கி நேராக அவரிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னப்பா, உங்க ஒரிஜினல் பிரேக்கு நல்லாப் புடிச்சுச்சா?"

"புடிச்சுச்சும்மா," என்றார்.

திறந்த கதவுக்குள்ளே, அவசரமே இல்லாமல், பெடல் மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது.