மஞ்சள் தடவிய வில்லை

திங்கட்கிழமை சாயங்காலம் இடியாப்ப உரல் மறுபடியும் தோட்டா மேசையில் இருந்தது.

கருத்தையா பின்கட்டு அறையின் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அதை அவரேதான் புளி போட்டுத் தேய்த்து, முந்தின நாள் அடுப்பங்கரை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் தேய்த்த ஒரே பாத்திரம் அது. அதை வைத்த இடம் மறக்கக்கூடியதில்லை.

"ஏங்க, உரலைத் திரும்பவும் தூக்கிட்டுப் போயாச்சா?" அடுப்பங்கரையிலிருந்து ஆவுடைத்தாய் சத்தம் போட்டாள். "புதன்கிழமை மக கல்யாணம். மாப்ள வீட்டுக்காரவியளுக்கு வேட்டுமருந்துலயா இடியாப்பம் புழியப் போறீங்க?"

அவர் உரலைத் தொட்டுப் பார்த்தார். பித்தளை சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல.

அந்த மேசைக்கு ஊரில் அவர் வைத்திருந்த பெயர் ஆயுதசாலை. தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி, காட்டுப்பன்றியை விரட்ட என்று லைசென்ஸ் வாங்கியது. சுட்ட தோட்டாக்கூடுகளை எறியாமல் வீட்டிலேயே திரும்ப நிரப்புவது பரம்பரை வித்தை என்று டீக்கடையில் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். டீக்கடைக்குத் தெரியாதது, அந்த ஆயுதசாலை முழுக்க வீட்டுக்குள்ளேயே திருடியது என்பதுதான். மேசை, மகள் ப்ரியதர்ஷினி தையல் பழகிவிட்டுப் போட்ட மிஷின் பலகை. மருந்து அளப்பது அவள் சின்னப்பிள்ளையில் குடித்த டானிக் பாட்டிலின் மூடி, இறுக்குவது இடியாப்ப உரல். ஈயரவை கிடப்பது மாவடு ஜாடியில். அதை அள்ளுவது ஆவுடைத்தாயின் பெரிய சாதக்கரண்டி; ஒருநாள் சுத்தியலுக்குப் பதில் அதை வைத்து அடித்ததில் ஓரம் நசுங்கிப் போயிருந்தது.

கூட்டின் வாயை மூடும் அட்டை வில்லை மட்டும் பழஞ்சரக்கில்லை. அது கல்யாணப் பத்திரிகை.

சிவகாசியில் ஆயிரம் அடித்தார். கனத்த அட்டை, வெல்வெட் தடவல், பொன்னெழுத்து. நாலு குறுக்கம் கரிசல் நிலமும் ஒரு தூர்ந்த கிணறும் வைத்திருக்கிறவர் தன் பெயருக்கு முன்னால் 'மிராசுதார்' என்று போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தபிறகும் முந்நூறு மிஞ்சியது. ஒரு பழைய குழாய்த்துண்டைக் கூர்தீட்டி அந்த அட்டைகளை வில்லை வில்லையாக வெட்ட ஆரம்பித்தபோது ஆவுடைத்தாய் வாயில் அடித்துக்கொண்டாள்.

"மஞ்சத் தடவுன பத்திரிகைங்க! அதைப் போயி துண்டு போடுதீங்களே, ஆகாதுங்க!"

"ஏட்டி, சும்மா கெட. இந்தக் கனத்துல அட்டை வேற எங்கன கெடைக்கும்?"

அப்போது களத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தான் பிச்சையா. பக்கத்துக் காட்டுக்காரன், அரைக் குறுக்கம், ஒண்டிக்கட்டை. வில்லைகளைப் பார்த்துவிட்டு, சிரித்த மாதிரியும் சிரிக்காத மாதிரியும் கேட்டான்: "அண்ணாச்சி, சுடுதத்துக்கெல்லாம் பத்திரிகை இருக்கு. எனக்கு ஒண்ணு இல்லியா?"

"ஏலே, ஒனக்கெல்லாம் தனியா வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்? வந்து கடைசிப் பந்தியில தின்னுட்டுப் போ."

"பத்திரிகை இல்லாம எப்படி அண்ணாச்சி வாரது?" என்றான் பிச்சையா. அவ்வளவுதான். போய்விட்டான்.

போன வியாழக்கிழமை, பொழுது அடையும் நேரம், மக்காச்சோளத்துக்குள் சலசலப்பு கேட்டது. தட்டைகள் ஒடிந்தன. கருத்தையா சுட்டார். அந்தத் தோட்டாவை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதன் வில்லையில் 'வருக' என்ற பொன்னெழுத்து நட்டநடுவில், பத்திரிகையின் மஞ்சள் ஓரத்தோடு, அச்சடித்த காசு மாதிரி விழுந்திருந்தது. அந்த அழகுக்காகவே அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். புகை கலையும்போது சோளத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு தரம் குரல் வந்தது.

"அண்ணாச்சி."

காட்டுப்பன்றி யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை.

இருட்டுவதற்குள் உடலைத் தூர்ந்த கிணற்றுக்குள் தள்ளி, மேலே இருபது கட்டுச் சோளத்தட்டையைப் போட்டு மூடினார். பிச்சையா திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போவதும் வருவதும் வழக்கம், தேட ஆளில்லை. நடுவில் ஐந்து நாள். புதன்கிழமை மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டால் போதும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். வெள்ளிக்கிழமை துப்பாக்கியைப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆயுதசாலையைக் கலைத்து, சாமான்களை அந்தந்த இடத்தில் திரும்ப வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டானிக் மூடி மேசைக்கு வந்திருந்தது. மத்தியானம் மாவடு ஜாடி. வீட்டில் பலகார வாசனை நிறைந்து கிடந்தது; அதற்கு அடியில், எண்ணெய்ச் சட்டிக்கும் மல்லிகைப்பூவுக்கும் அடியில், வெடித்த மருந்தின் நாற்றமும், கோடையில் பிளந்த கரிசலுக்குள் முதல் மழை இறங்கும்போது வருகிற அந்த அடிமண் வாடையும் மெல்லமெல்லக் கசிந்துகொண்டிருந்தன. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

"ஒனக்கு ஏதும் வாடை அடிக்குதாட்டி?"

"ஒங்க மேலதான் அடிக்குது. குளிச்சீங்களா இல்லியா?"

அவர் அன்றைக்கு மூன்று தரம் குளித்திருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். கூட்டுக்குள் வில்லையை இறக்கித் தட்டும்போது வருமே, அந்தச் சத்தம். அவரைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. கதவைத் தள்ளினார். யாருமில்லை. பலகையின் நடுவில் ஒரே ஒரு தோட்டாக்கூடு செங்குத்தாக நின்றது. வாய் திறந்திருந்தது. உள்ளே மருந்தில்லை, ரவையில்லை. ஈரமாய்க் கறுத்த மண் இருந்தது. இன்னும் வில்லை போட்டு மூடவில்லை.

கிணற்றுக்கு ஓடினார். வேட்டி முள்ளில் கிழிந்தது. மிராசுதார், மேட்டில் குப்புறப் படுத்து, தட்டைக்கட்டுகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பிச்சையா, நாளைக்கு ஒருநா பொறுத்துக்கப்பா. வியாழக்கிழம நானே ஸ்டேஷனுக்குப் போறேன். என் தலையில என்ன வேணும்னாலும் வரட்டும். பிள்ளை கல்யாணத்துக்கு மட்டும் வந்துராதலே. ஒன் கால்ல விழுதேன்."

காற்று இல்லை. ஆனால் தட்டைகள், அடியிலிருந்து, ஒவ்வொன்றாக ஒடிந்தன.

புதன்கிழமை கோவில்பட்டி மண்டபத்து வாசலில் இருபதடி ப்ளெக்ஸ். அதில் கருத்தையா துப்பாக்கியோடு நின்றார்; பக்கத்தில், கம்ப்யூட்டர்க்காரன் தயவில், ஒரு சிங்கம். நிஜக் கருத்தையா பட்டுச் சட்டைக்குள் நனைந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. அட்சதை பறந்தது. தாலி ஏறிவிட்டது.

ஏறிவிட்டது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெண்ணைப் பெற்றவர் அழுகிறார் என்று சனம் உச்சுக்கொட்டியது. வரவில்லை. அவன் வரவில்லை.

மணமக்கள் பந்தியில் முதல் கரண்டிச் சோற்றைப் பெண்ணின் அப்பா போடவேண்டும் என்பது அவர்கள் வகையறாவின் முறை. இலை போட்டாயிற்று. சமையல்காரர் குண்டானையும் கரண்டியையும் நீட்டினார். வாங்கினார். மாப்பிள்ளைக்குப் போட்டார். மகளுக்குப் போட்டார். அப்போதுதான் கரண்டியைப் பார்த்தார்.

ஓரம் நசுங்கியிருந்தது.

திரும்பினார். ஓடிவிட வேண்டும்.

"அப்பா, இவியளுக்குப் போடாம போறீங்களே," என்றாள் ப்ரியதர்ஷினி.

மகளுக்கு அந்தப் பக்கத்து இலை. குனிந்த தலை. கட்டம்போட்ட சட்டை. சட்டையில் கரிசல் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாய்.

"பத்திரிகை கெடைச்சிட்டு அண்ணாச்சி."

சட்டையின் மூன்றாம் பித்தானுக்குக் கீழே இரண்டு விரல் நுழைந்தது. துழாவியது. எடுத்ததை இலையின் ஓரத்தில், உப்பு வைக்கும் இடத்தில், பக்குவமாக வைத்தது. காசளவு. ஈரம். பொன்னெழுத்து. ஓரத்தில் மஞ்சள்.

கருத்தையாவின் கை தானாகச் சாய்ந்தது. இலையில் விழுந்தது சோறில்லை. ஈயரவை, ஆலங்கட்டி மழை மாதிரி சடசடவென்று விழுந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேளம் நிற்கவில்லை.

நகக்கண்ணில் மண் ஏறிய விரல்கள் அதைப் பிசைந்தன. நிதானமாக. ஒரு கவளம் உருட்டின. கல்யாணப்பெண்ணுக்குப் பெரியவர்கள் ஊட்டுவது போல, கை அவள் பக்கம் நீண்டது.

ப்ரியதர்ஷினி வெட்கத்தோடு சிரித்து, வாயைத் திறந்தாள்.